மரகதம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்

எங்கள் கம்பெனியின் அரட்டைச் செயலி மூன்றாம் மாடியில் இருந்தது. திங்கட்கிழமை புதிய பதிப்பு வந்ததும் அது நான்காம் மாடிக்கு மாறியது. கட்டடத்துக்கு மூன்று மாடிகள்தான். அதனால் படிக்கட்டில் இன்னும் பதினெட்டுப் படிகள் சேர்ந்திருந்தன. பெயின்ட் காய்வதற்கு முன்பே ஆட்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள்.

நாங்கள் கோயம்புத்தூரில், கணபதி ஏரியாவைத் தாண்டி, தண்ணீர் பம்ப் செய்கிறோம். செயலிக்குப் பெயர் கூடம். கம்பெனியில் யார் எதைச் சொல்வதானாலும் கதவில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, கூடத்துக்குள் போய்த்தான் சொல்ல வேண்டும். வெளியே சொன்னது சொன்னதாகாது. கேண்டீனில் எதிரே இருப்பவரிடம் உப்பு கேட்டால் அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். மேலே போய்க் கேட்டுவிட்டு இறங்கி வந்தால் உப்பு நம் தட்டருகே இருக்கும்.

உள்நுழைவு உதவிப் பிரிவுக்கு மட்டும் இதில் விதிவிலக்கு. வெளியே நிற்பவர்கள் சொல்வதைக் கேட்க எனக்கு அனுமதி உண்டு. அந்தப் பிரிவில் நான் ஒருவன்தான். பெயர் மயில்சாமி. கதவுக்கு வெளியே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, அறுபது பக்கத்தில் ஒரு கையேடு.

புதிய பதிப்பு வந்த அன்று பதினொரு பேரால் உள்ளே போக முடியவில்லை. இது வழக்கமான எண்ணிக்கைதான். ஸ்டோர்ஸ் அப்துல் சலாம் பாயின் விஷயத்தில் அவர் கடவுச்சொல்லை மறக்கவில்லை, கடவுச்சொல்தான் அவரை மறந்திருந்தது. இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது. பெயின்ட் பிரிவு சின்னராசுவிடம் கதவு ஒன்பது படங்களைக் காட்டி, பஸ் இருக்கும் படங்களைத் தொடச் சொன்னது. அதில் ஒன்று பஸ் இல்லை, தன் மச்சானின் மினி வேன் என்று அவர் வாதாடினார். கதவு விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் மச்சானே ஆர்.சி. புத்தகத்தோடு வந்து நின்றதும் கதவு மன்னிப்புக் கேட்டுத் திறந்துகொண்டது. கேண்டீன் மாஸ்டரைப் பொறுத்தவரை அவர் உள்ளே போய்விட்டார், செருப்பு மட்டும் வெளியே நின்றுவிட்டது. அதற்குத் தனிக் கணக்கு தொடங்கிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குள் பத்துப் பேரை உள்ளே அனுப்பிவிட்டேன். பதினோராவது ஆள் மரகதம்.

மரகதத்துக்கு நாற்பது வயது. சோதனைப் பிரிவில் பதினேழு வருடமாக இருக்கிறார். ஓடுகிற பம்பின் மேல் காதை வைத்துக் கேட்டு, அது எத்தனை நாள் உழைக்கும் என்று சொல்வார். அன்று காலை அவர் படியேறி வந்தபோது மூச்சு வாங்கியது. கையில் டிபன் பாக்ஸ் இருந்தது. அதைக்கூடக் கீழே வைத்துவிட்டு வர நேரமில்லை போல.

"ஏனுங்க மயில்சாமி, கதவு என்னை விடமாட்டீங்குதுங்க."

"என்ன சொல்லுதுங்க?"

"நீங்களே பாருங்க."

அவர் பெயரையும் கடவுச்சொல்லையும் சொன்னார். கடவுச்சொல்லைச் சொல்லும்போது விதிப்படி நான் காதைப் பொத்திக்கொண்டேன். கதவின் மேல் எழுத்து ஓடியது: மரகதம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்.

கண்ணாடி வழியாகப் பார்த்தோம். இருந்தார். ஜன்னலோரம் மூன்றாவது நாற்காலியில், இரட்டை ஜடை போட்டு, கனகாம்பரம் வைத்து, மடியில் நோட்டை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். இருபத்து மூன்று வயது இருக்கும்.

"இது நான் வேலைக்குச் சேர்ந்தப்ப இருந்த நானுங்க" என்றார் மரகதம்.

கையேட்டைப் பார்த்தேன். பக்கம் பதினான்கில் இருந்தது. கணக்கு தொடங்கிய நாளன்று உள்ளே போனவர் சில சமயம் அங்கேயே தங்கிவிடுவார். பழைய பதிப்புகள் இரண்டு பேரையும் ஒருவராகவே எண்ணிக்கொண்டிருந்தன. புதிய பதிப்பு சரியாக எண்ணுகிறது.

"அவசரங்களா?" என்று கேட்டேன்.

"மூணு மணிக்கு மீட்டிங்குங்க. முன்னூத்தி இருபது பம்ப். தாராபுரத்துக்குக் கிழக்க ஏழு ஊருக்குக் குடிதண்ணிக்குப் போகுது. பத்து நாளா ஓட விட்டு, காது வெச்சுக் கேட்டுட்டே இருக்கேன். ஆயிலை அடைச்சு வெக்கற சீல் நிக்காதுங்க. பதினோராம் நாள் விட்டுக்குடுத்துரும். மோட்டார் ஆயில் பூராவும் குடிக்கற தண்ணில கலந்துரும்."

"மீட்டர் என்ன காட்டுது?"

"மீட்டர் நல்லாயிருக்குன்னு காட்டுதுங்க. அதனாலதான் நான் சொல்லணும். ஜி.எம். லாரி கிளம்பலாமான்னு என்னைத்தான் கேப்பாரு."

ஜி.எம். சென்னியப்பன் இரண்டு வருடம் முன்பு கூடத்துக்குள் போனவர். அப்புறம் இறங்கவே இல்லை. சாப்பாடு மேலேதான் போகும். பிறந்தநாளுக்கு வீட்டார் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

"உள்ள இருக்கற மரகதம் சொல்லமாட்டாங்களா?"

அவர் கண்ணாடியைப் பார்த்தார். உள்ளே யாரோ எதையோ கேட்க, ஜடைக்காரப் பெண் எழுந்து நின்று தலையாட்டியது. அங்கே பேசுகிற வார்த்தை அவரவர் தலைக்கு மேல் ஒரு பச்சைப் பலகையில் எழுதித் தொங்கும். இங்கிருந்தே படிக்கலாம். சரிங்க சார், என்று தொங்கியது.

"அதுக்கு அந்த ஒரு வார்த்தைதானுங்க தெரியும்" என்றார் மரகதம்.

பக்கம் பதினைந்தின்படி வேலையைத் தொடங்கினோம். முதலில் பெயரைப் பெரிய எழுத்தில் சொல்லிப் பார்க்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து இல்லாததால் மரகதம் சத்தமாகச் சொன்னார். பலன் இல்லை. அடுத்தது, எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறிவிட்டு மறுபடி முயல வேண்டும். எங்கெல்லாம் உள்ளே இருக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு பட்டியல் எழுதினேன். என் மொபெட்டில் கிளம்பினோம்.

முதலில் அவர் வீடு. கணவர் நடராசு வாசலில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ரீவைண்டிங் வேலை செய்கிறவர். மரகதம் விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். வெளியேற்றச் சீட்டு ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தார்.

"எத்தன மணிக்குத் திரும்ப வருவே?"

"ஆறு ஆயிருமுங்க."

"அதுக்கப்புறம் வந்தா நான் யாருன்னு கேக்க வேண்டி வரும். கோவிச்சுக்காத."

"இல்லீங்க."

ஈரோட்டில் விடுதியில் இருக்கும் மகள் போனிலேயே வெளியேற்றினாள். "சாயங்காலம் மறக்காம உள்ள வந்துரும்மா, நாளைக்கு எனக்குப் பரிட்சை" என்றாள். ரேஷன் கடைக்காரர் பதிவேட்டில் ஒரு கோடு போட்டார். கடைசியாகக் காய்கறிக்காரம்மா. மரகதத்துக்கென்று தினமும் பிஞ்சுக் கத்தரிக்காய் எடுத்து வைக்கிறவர். அவர் மனத்திலிருந்து வெளியேறத்தான் நேரமானது. "எனக்கு மறக்க வரமாட்டீங்குது அம்மணி" என்று இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டுச் சொன்னார். மூன்றாவது தடவை கண்ணை மூடித் திறந்து, "என்னம்மா வேணும்?" என்று புது ஆளிடம் கேட்பதுபோல் கேட்டார். மரகதம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து வண்டியில் ஏறினார்.

திரும்பி வரும்போது பின்சீட்டில் எடையே இல்லை. இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். உட்கார்ந்துதான் இருந்தார்.

மணி இரண்டு ஆகியிருந்தது. கதவில் மறுபடி சொல்லிப் பார்த்தோம். இன்னும் ஓர் இடம் பாக்கி என்று காட்டியது. மரகதம் யோசித்தார்.

"இருநூத்திப் பன்னெண்டாம் நம்பர் பம்பு" என்றார். "நேத்து கேட்டுட்டு இருக்கறப்பவே டீ மணி அடிச்சுருச்சு. காதை எடுத்துட்டேன். கேக்கறதை எடுக்காம வந்துட்டேன்."

சோதனைக் கூடத்துக்கு இறங்கினோம். தொட்டிக்குள் அந்தப் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மரகதம் விட்டுவந்த கேட்பது அதன் மேலேயே இருந்தது. அதை எடுத்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"இன்னும் மோசமாயிருச்சுங்க" என்றார். "இன்னிக்குப் பதினோராம் நாள்."

வெளியே பார்த்தேன். மற்றப் பம்புகளை ஏற்றி முடித்திருந்தார்கள். லாரியின் மேல் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் வேலவன் கொய்யாப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மரகதம் அவரிடம் போய், "போகாதீங்க" என்றார். அது வெளியே சொன்னது. வேலவன் கொய்யாப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

படியேறினோம். இப்போது மரகதம் எங்குமே உள்ளே இல்லை. என் மேஜைக்கு வந்ததும் விதிப்படி நானே அவர் பெயரையும் பிரிவையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. கதவில் சொன்னார். எழுத்து ஓடியது: மரகதம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்.

அப்போது மணி இரண்டு நாற்பது. மரகதம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. டிபன் பாக்ஸை மடியில் வைத்து அதன் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு ஊருங்க" என்றார். "அதுல ஒண்ணு எங்க பெரியப்பன் ஊரு."

நான் பக்கங்களைப் புரட்டினேன். இந்த வேலையில் ஒன்பது வருடம் ஆகிறது. ஒருவரைக்கூட நான் வெளியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனதில்லை. ஐம்பத்து நான்காம் பக்கத்தில் விரல் நின்றது. விருந்தினராக நுழைதல். உள்ளே இருப்பவர் ஒருவர் அழைக்க வேண்டும். பத்து நிமிடம் இருக்கலாம். அழைத்தவரைத் தவிர வேறு யாரிடமும் பேசக் கூடாது. உதவிப் பிரிவு ஊழியர் கூடப் போகலாம்.

"உங்களை நீங்களே கூப்பிட்டா போதுமுங்க" என்றேன்.

மரகதம் எழுந்து கண்ணாடியைத் தட்டினார். ஜடைக்காரப் பெண் திரும்பிப் பார்த்தது. எழுந்து அருகில் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேச்சு போகாது. மரகதம் என் பேனாவை வாங்கி, கையேட்டின் பின்அட்டையில் பெரிதாக எழுதிக் காட்டினார்.

சாப்பிட்டியா கண்ணு?

அந்தப் பெண் அதைப் படித்தது. மறுபடியும் படித்தது. பதினேழு வருடத்தில் அதனிடம் யாரும் இதைக் கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது. இல்லை என்று மெதுவாகத் தலையை ஆட்டியது. பிறகு உள்பக்கம் இருந்த அழைப்புப் பொத்தானை அழுத்தியது.

மணி இரண்டு ஐம்பத்து மூன்று. உள்ளே போனோம்.

நான்காம் மாடி புதிதாகவும் வெளிச்சமாகவும் இருந்தது. சுவரோரம் பழைய செய்திகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். கொடியில் லைக் போட்ட கட்டைவிரல்கள் உலர்ந்துகொண்டிருந்தன. எதையோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டவர்களின் முகத்துக்கு முன்னால் மூன்று புள்ளிகள் மேலும் கீழும் அசைந்தன. நடுவில் பெரிய மேஜையில் ஜி.எம். இருந்தார். தோளில் சிவப்பு விளக்கு எரிந்தது. வேலையாக இருக்கிறார் என்று அர்த்தம். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மரகதங்களும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். டிபன் பாக்ஸில் தக்காளிச் சாதம் இருந்தது. சின்ன மரகதம் வேகமாகச் சாப்பிட்டது.

"நல்லாயிருக்குதுங்க அக்கா. நீங்க செஞ்சதுங்களா?"

"நீதான் செஞ்சே. இன்னும் பழகல, அவ்வளவுதான்." பெரிய மரகதம் அதன் ஜடையைச் சரிசெய்துவிட்டார். "கண்ணு, இப்ப ஜி.எம். லாரி கிளம்பலாமான்னு கேப்பாரு. நீ வேண்டாம்னு சொல்லணும்."

சாதத்தை வாய்க்குக் கொண்டுபோன கை நின்றது.

"ஐயோ, என்னால ஆகாதுங்க அக்கா. வேண்டாம்னு சொன்னா வேலைய விட்டு அனுப்பிருவாங்க. எங்கப்பனுக்கு மருந்து நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் ஒருத்திதானுங்க."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பத்தாறு ஆனது.

"அப்பன் போய் ஒம்பது வருசம் ஆச்சு கண்ணு."

அந்தப் பெண் டிபன் பாக்ஸைக் கீழே வைத்தது. ஜன்னலைப் பார்த்தது. பிறகு கேட்டது:

"மருந்தெல்லாம் குடிச்சாருங்களா?"

"குடிச்சாரு. நீ வாங்கிக் குடுத்தது எல்லாத்தையும் குடிச்சாரு. ஒரு நாள்கூட விடல. நல்லாத்தான் போனாரு, தூக்கத்துல."

"அப்ப நான் யாருக்காக சரி சரின்னு சொல்லிட்டு இருக்கேன்?"

"பழக்கத்துல சொல்லிட்டு இருக்கே."

சின்ன மரகதம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டது. மணி மூன்று அடித்தது. ஜி.எம்.மின் தோள் விளக்கு பச்சையானது.

"சோதனைப் பிரிவு" என்றார் ஜி.எம். "முன்னூத்தி இருபது பம்ப். லாரி கிளம்பலாங்களா மரகதம்?"

அந்தப் பெண் எழுந்து நின்றது.

"வேண்டாமுங்க சார்" என்றது.

தலைக்கு மேல் பலகை அசைந்து எழுத்து வந்தது. வேண்டும் சார்.

"சரி" என்றார் ஜி.எம். "கேட் வாட்ச்மேனுக்குச் சொல்லிருங்க."

நான் கையேட்டைத் திறந்தேன். ஐம்பத்தெட்டாம் பக்கம். ஒருவர் தம் பெயரில் இதுவரை சொல்லியிராத சொல்லைச் சொன்னால், செயலி அதைப் பிழை என்று எண்ணித் திருத்திவிடும். அதே சொல்லை மூன்று முறை சொன்னால் அவருடைய சொல்லாக ஏற்றுக்கொள்ளும். அந்தப் பக்கத்தைப் பெரிய மரகதத்திடம் காட்டினேன். அவர் அதைச் சின்ன மரகதத்திடம் காட்டினார்.

"வேண்டாமுங்க சார்!"

வேண்டும் சார், என்று பலகை இன்னும் பெரிய எழுத்தில் எழுதியது.

"அதான் சரின்னு சொல்லியாச்சே அம்மா" என்றார் ஜி.எம். ஜன்னலுக்குக் கீழே லாரி உறுமியது.

மூன்றாவது தடவைக்கு அந்தப் பெண் வாயைத் திறந்தது. குரல் வரவில்லை. மறுபடியும் திறந்தது. முகத்துக்கு முன்னால் மூன்று புள்ளிகள் வந்து அசைய ஆரம்பித்தன. பெரிய மரகதத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் விருந்தினர். சொன்னாலும் அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் கேட்கும். அவருடைய பத்து நிமிடத்தில் பாக்கி ஒரு நிமிடம் இருந்தது.

சின்ன மரகதம் திரும்பியது. புள்ளிகளைக் கையால் விலக்கிக்கொண்டு சொன்னது:

"அக்கா, ரெண்டு தடவ நான் சொல்லிட்டேனுங்க. மூணாவதை நீங்க சொல்லுங்க."

அது டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தது. முதலில் நடந்தது, பிறகு ஓடியது. கனகாம்பரம் வழியெல்லாம் உதிர்ந்தது. வெளியேறும் பொத்தானை அழுத்தியது. அதே நேரத்தில் விருந்தினர் நேரம் முடிந்து கதவு எங்களையும் வெளியே இழுத்தது. மூன்று பேரும் ஒன்றாக வந்து என் மேஜையில் மோதினோம்.

"சொல்லுங்க" என்றேன்.

மரகதம் கதவின் முன் நேராக நின்றார். பெயரைச் சொன்னார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். கடவுச்சொல்லைச் சொன்னார். கதவு ஒரு கணம் யோசித்தது. அதன் மேல் எழுத்து ஓடியது: வாங்க மரகதம்.

கதவு இரண்டு பக்கமும் அகலத் திறந்தது. ஒன்பது வருடத்தில் அது ஒரு பக்கம் மட்டுமே திறந்து பார்த்திருக்கிறேன்.

அவர் ஓடவில்லை. கூடத்தின் நடுவே நடந்து போய், ஜி.எம்.மின் மேஜைக்கு முன்னால் நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"வேண்டாம்."

பலகை அசைந்தது. எழுத ஆரம்பித்து நின்றது. அழித்தது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக எழுதியது. வே. ண். டா. ம். கூடத்தில் இருந்த எல்லோருடைய மூன்று புள்ளிகளும் அப்படியே நின்றன. கீழே, கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறிவிட்ட லாரி நின்றது. நின்ற வேகத்திலேயே பின்னோக்கி வந்து பழைய இடத்தில் சரியாக நின்றது. வேலவன் இறங்கிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

ஜி.எம். பலகையைப் பார்த்தார். பிறகு மரகதத்தைப் பார்த்தார்.

"பதினேழு வருசமா சரின்னுதானே அம்மா சொல்லிட்டிருந்தீங்க?"

"அது வேற புள்ளைங்க சார். இப்பதான் நான் வந்திருக்கேன்."

"மீட்டர்ல ஒரு குறையும் இல்லையே?"

"மீட்டர் பாக்குதுங்க சார். இதைக் கேக்கோணும். நீங்க கீழ வந்து காது வெச்சுப் பாருங்க."

ஜி.எம். எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு படிக்கட்டுக்கு வந்தார். இரண்டு வருடமாகப் படி இறங்காதவர் என்பதால், எந்தக் காலை முதலில் வைப்பது என்று என்னிடம் கேட்டார். வலது கால் என்றேன். மரகதம் முன்னால் போக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான்கு மாடியும் இறங்கினார்.

சோதனைக் கூடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரில் முள் பச்சைக் கோட்டில் நின்றது. மரகதம் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கேட்பதை எடுத்து ஜி.எம்.மின் காதில் வைத்தார். அவர் குனிந்து தொட்டியின் மேல் சாய்ந்து கேட்டார். வெகுநேரம் கேட்டார்.

"யாரோ பல்லைக் கடிச்சுட்டு இருக்கற மாதிரி இருக்குதே" என்றார்.

"ஆமாங்க சார். இன்னும் கொஞ்ச நேரந்தான் தாங்கும்."

எல்லோரும் நின்று காத்திருந்தோம். மூன்று ஐம்பதுக்குப் பம்ப் ஒருமுறை விக்கியது. தண்ணீரின் மேல் ஒரு ரூபாய் அளவுக்கு எண்ணெய் வட்டம் வந்தது. அது விரிந்து, வானவில் போல நிறம் மாறி, தொட்டி முழுக்கப் பரவியது. ஜி.எம். அதை ஒரு விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"முன்னூத்தி இருபதையும் பிரிச்சு, சீல் மாத்திட்டு அனுப்புங்க" என்றார். "எத்தன நாள் ஆனாலும் சரி. இனிமே மரகதம் சொன்னாத்தான் லாரி நகரும்." இதையும் வெளியே சொன்னதால், மேலே போய் ஒருமுறை சொல்லிவிட்டு மறுபடி இறங்கி வந்தார். இந்தத் தடவை படி இறங்க யாரையும் கேட்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் கம்பெனியே எழுந்து நின்றது. கீழே நின்று கை தட்டினால் தட்டியதாகாது. எனவே நூற்று நாற்பது பேரும் வரிசையாகப் படியேறினார்கள். லேத் பிரிவு, ஃபவுண்டரி, பேக்கிங், கேண்டீன் மாஸ்டர், அவர் செருப்பு, சலாம் பாய், சின்னராசு. ஒவ்வொருவராகக் கதவில் பெயர் சொல்லி உள்ளே போனார்கள். ஒருவருக்குக்கூடக் கதவு தடை சொல்லவில்லை. எல்லோரும் உள்ளே சேர்ந்ததும் ஒன்றாகக் கை தட்டினார்கள். நான்காம் மாடி அதிர்ந்ததில் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த கட்டைவிரல்கள் அத்தனையும் எழுந்து நின்றன. பிறகு வரிசையாக இறங்கிப் போய் மிஷின்களை ஓட்டினார்கள். மொத்தம் நாற்பது நிமிடம் ஆனது. உற்பத்தி நஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை.

மரகதம் ஜன்னலோரம் மூன்றாவது நாற்காலியை இழுத்துக் கூடத்தின் நடுவில், ஜி.எம். மேஜைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்துவிட்டு நான் என் இடத்துக்கு வந்தேன்.

பெஞ்சில் சின்ன மரகதம் தக்காளிச் சாதத்தின் கடைசி வாயைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"இனி நான் என்னங்க பண்ணட்டும்?"

பதிவேட்டைப் பார்த்தேன். பதினேழு வருடத்தில் அது ஒரு நாள்கூட விடுப்பு எடுத்திருக்கவில்லை. அத்தனையும் பாக்கி இருந்தது. கணக்குப் போட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

"ஊட்டி பாத்ததே இல்லீங்க" என்றது.

"மேட்டுப்பாளையம் ரோட்டுல போய் நின்னா பஸ் வரும்."

மரகதம் வெளியே வந்து தன் ஸ்வெட்டரைக் கொடுத்தார். ஊட்டியில் குளிரும் என்றார். காது மறைகிற மாதிரி தலைக்குத் துண்டு கட்டச் சொன்னார். அது சரிங்க அக்கா என்றது. பிறகு கொஞ்சம் யோசித்து, "துண்டு வேண்டாமுங்க" என்றது. இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜடை ஆட அது படியிறங்கிப் போவதைக் கடைசிப் படி வரை நின்று பார்த்தார் மரகதம்.

சாயங்காலம் மற்ற இடங்களில் அவரைத் திரும்ப உள்ளே சேர்க்க நானும் கூடப் போனேன். அது என் வேலை நேரத்தில் வராது. ஆனாலும் போனேன். ரேஷன் கடைக்காரர் கோட்டை அழித்தார். மகள் போனில், "வந்துட்டியாம்மா?" என்றாள். காய்கறிக்காரம்மா அவரைக் கண்டதும், கேட்காமலே முறத்துக்கு அடியிலிருந்து பிஞ்சுக் கத்தரிக்காயை எடுத்துப் பையில் போட்டார். தான் மறக்கவே இல்லை, மறந்த மாதிரி காட்டிக்கொண்டதுதான் என்று சொன்னார்.

வீட்டுக்குப் போகும்போது மணி ஆறு ஐந்து. நடராசு வாசலிலேயே நின்றிருந்தார்.

"நேரமாயிருச்சு. ஒரு கேள்வி கேட்டுத்தான் விடணும்" என்றார்.

"கேளுங்க."

"மொதமொதல்ல நீ என்னைப் பாத்தப்ப நான் என்ன கலர் சட்ட போட்டிருந்தேன்?"

"சட்டையே போடல. பனியனோட, ஒரு பம்ப் செட்டுக்குள்ள தலைய விட்டுட்டு உக்காந்திருந்தீங்க. மொகத்தைப் பாக்கவே அரை மணி நேரம் ஆச்சு."

நடராசு சிரித்துக்கொண்டே விலகி வழிவிட்டார். மரகதம் உள்ளே போனார். விளக்குப் போட்டது தெருவிலிருந்து தெரிந்தது. பதினொன்றுக்குப் பதினொன்று என்று கையேட்டில் குறித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

மறுநாள் எட்டரைக்கு நான் வேலைக்கு வந்தபோது புதன்கிழமை என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. கடவுச்சொல் நினைவில்லையாம். தெருவில் இன்னும் செவ்வாய்க்கிழமையே ஓடிக்கொண்டிருந்தது. டோக்கன் கொடுத்துவிட்டு, டீ சொல்லட்டுங்களா என்று கேட்டேன். சர்க்கரை இல்லாமல் என்றது.